கேட்டவர்மேல் பழி உண்டா?

வலைப் பக்கங்களைக் கேட்டுப் பெற உதவும் எச்டிடிபி நெறிமுறையில் செல்லும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வினைச்சொல்லோடு தொடங்குகிறது. எந்தப் பக்கம், எந்தத் தரவு என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான் வரும். 1991-இல் ஜெனீவாவை ஒட்டிய சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முதல் வடிவத்தில் இருந்த வினைச்சொல் ஒன்றே ஒன்று: கெட். 'இதைக் கொடு' என்று கேட்பது மட்டுமே அன்றைய வலையில் ஒருவர் செய்யக்கூடிய காரியம். 1996 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1945 என்னும் ஆவணம் ஹெட், போஸ்ட் இரண்டையும் சேர்த்து முறைப்படுத்தியது. அடுத்த ஆண்டே புட், டெலீட் முதலியவை நெறிமுறைக்குள் வந்தன. 2010-இல் பேட்ச் சேர்ந்தது. ராய் ஃபீல்டிங், மார்க் நாட்டிங்ஹாம், ஜூலியன் ரெஷ்கே மூவரும் தொகுத்து 2022 ஜூனில் வெளிவந்த ஆர்எஃப்சி 9110 தான் இன்று இச்சொற்களின் பொருளை வரையறுக்கிறது.

வினைச்சொற்கள் பெருகியதற்குக் காரணம், வலை வெறும் வாசகசாலையாக நின்றுவிடவில்லை என்பதே. வாங்கவும் விற்கவும் எழுதவும் அழிக்கவும் மக்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அப்போது மிகப் பழைய தத்துவக் கேள்வி ஒன்று நிரலாளரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. கேட்பதும் செய்வதும் வேறு வேறா? ஒருவர் கேட்டதால் உலகில் ஏதோ மாறிவிட்டால், அந்த மாற்றத்துக்குக் கேட்டவர் பொறுப்பா, கொடுத்தவர் பொறுப்பா? ஒரு தரவுத் தேடலுக்குக் கெட் எழுதுவதா, போஸ்ட் எழுதுவதா என்று தயங்கும்போது நிரலாளர் தொடுவது இந்தக் கேள்வியைத்தான். தொழில்நுட்பக் கையேடுகள் இதை வேகம், நீளம், வசதி என்ற அளவில் பேசி முடித்துவிடுகின்றன. அதற்கு அடியில் இருப்பது பொறுப்பைப் பற்றிய ஓர் உடன்பாடு.

நெறிமுறை இந்த வினைச்சொற்களை இரண்டு குணங்களைக் கொண்டு பிரிக்கிறது. முதல் குணத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரைப் 'பாதுகாப்பானது' என்று தமிழாக்கினால் திருடர் பயம் பற்றிய பேச்சு போலாகிவிடும். பொருளால் அது 'தீங்கிலாதது'. கேட்பவர் எந்த மாற்றத்தையும் வேண்டவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை, படித்துப் பார்ப்பது மட்டுமே அவர் நோக்கம் என்று அறிவிக்கும் சொற்கள் இந்த வகை. கெட், ஹெட், ஆப்ஷன்ஸ், டிரேஸ் நான்கும் இதில் அடங்கும். போஸ்ட், புட், டெலீட், பேட்ச் ஆகியவை மாற்றத்தை வேண்டும் சொற்கள்.

இரண்டாவது குணம் ஐடெம்போட்டன்ட். அமெரிக்கக் கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ் 1870-இல் இயற்கணிதத்துக்காக ஆக்கிய சொல் இது. ஒருமுறை செய்தாலும் பலமுறை செய்தாலும் விளைவு ஒன்றே என்பது பொருள். தாழ் போட்ட கதவுக்கு மறுபடி தாழ் போட்டால் கதவு அப்படியேதான் இருக்கும். உண்டியலில் காசு போடுவது அப்படியல்ல, ஒவ்வொரு முறையும் கையிருப்பு குறையும். புட், டெலீட் இரண்டும் தாழ் போடுவதைப் போன்றவை. ஒரு பதிவை இரண்டாம் முறை அழிக்கச் சொன்னால் சர்வர் 'அப்படி ஒன்று இல்லை' என்று 404 காட்டலாம். பதில் வேறாகிறது, ஆனால் உலகின் நிலை வேறாகவில்லை. போஸ்ட் உண்டியல் வகை. பணம் செலுத்தும் பக்கத்தில் பொத்தானை அழுத்திய பிறகு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொறுமை இழந்தவர் பக்கத்தைப் புதுப்பிக்கிறார். 'படிவத்தை மீண்டும் அனுப்பவா?' என்று பிரவுசர் நிறுத்திக் கேட்கிறது. முன்பு போனது போஸ்ட் என்பது தெரிந்ததால்தான் அது கேட்கிறது. கெட்டாக இருந்திருந்தால் கேட்காமலே மறுபடி அனுப்பியிருக்கும். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருப்பது ஓர் அறக் கேள்வி: இந்தச் செயலை இரண்டாம் முறையும் உங்கள் பெயரில் செய்யலாமா?

கேள்வியின் வடிவத்தில் செயல் ஒளிந்திருக்கலாம் என்பதைத் தமிழ் இலக்கணம் நன்றாக அறிந்திருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது: அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. முதல் மூன்றும் அறிவைப் பற்றியவை. கொளல், கொடை, ஏவல் ஆகிய பின் மூன்றும் வினா வடிவில் வரும் செயல்கள். மளிகைக் கடை வாசலில் நின்று 'துவரம்பருப்பு இருக்கா?' என்று கேட்பவர் கடையின் இருப்புக் கணக்கை அறிய விரும்பவில்லை. பருப்பு வாங்க வந்திருக்கிறார். 'பாடம் படிச்சியா?' என்று மகளிடம் கேட்கும் தாய் தகவல் சேகரிக்கவில்லை. போய்ப் படி என்கிறார். இரண்டிலும் சொல் கேள்வி, பொருள் செயல். இந்தப் பகுப்பை வகுத்தவர்களுக்கு, ஒரு வாக்கியத்தின் உருவத்தை மட்டும் பார்த்து அதன் வேலையைச் சொல்லிவிட முடியாது என்பது தெளிவாகவே தெரிந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றி, 1962-இல் நூலான சொற்பொழிவுகளில் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்தார். பேசுவது உலகைப் படம்பிடிப்பது மட்டுமல்ல, பல வேளைகளில் பேச்சே செயல் என்றார்.

தொல்காப்பியம் இன்னும் ஒரு படி நெருங்கி வருகிறது. கேட்டுப் பெறுவதற்கு ஈ, தா, கொடு என மூன்று சொற்கள் உண்டு. தாழ்ந்தவர் கேட்டால் ஈ, ஒத்தவர் கேட்டால் தா, உயர்ந்தவர் கேட்டால் கொடு என்கிறது சொல்லதிகாரம். கேட்கும் பொருள் ஒன்றாகவே இருக்கலாம். எந்தச் சொல்லால் கேட்கிறார் என்பதிலிருந்து கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் இடையிலான உறவு வெளிப்படுகிறது. எச்டிடிபியின் வினைச்சொல்லும் அப்படி உறவைச் சொல்வதுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கடைக்காரர் வாடிக்கையாளரின் கையில் இருக்கும் பையைப் பார்த்து, கேள்விக்குள் இருக்கும் செயலைப் புரிந்துகொள்கிறார். மகள் தாயின் குரலைக் கேட்கிறாள். இயந்திரத்துக்குப் பையும் குரலும் கிடையாது. அதற்குக் கிடைப்பது முதல் சொல் மட்டும். ஆகவே மனிதர் பேச்சில் சூழலுக்கு விட்டுவிடும் வேலை முழுவதையும் அந்த ஒரு சொல்லே சுமக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சொல்லைப் படிப்பவர் யார் என்பதைப் பார்த்தால்தான் இதன் கனம் விளங்கும். கேட்பவர், கொடுப்பவர் என்று இரண்டு பேர் மட்டும் இருந்தால் எந்தச் சொல்லை வைத்தாலும் தங்களுக்குள் ஒத்துப்போகலாம். நடுவில் பலர் இருக்கிறார்கள். பிரவுசர், நிறுவனத்தின் பிராக்ஸி, பக்கங்களைப் பிரதியெடுத்து வைத்திருந்து கொடுக்கும் கேஷ் சர்வர்கள், தேடுபொறிகளுக்காகப் பக்கம் பக்கமாகப் படித்துச் செல்லும் ஊர்வான்கள், மின்னஞ்சலில் வரும் லிங்குகளைச் சோதிக்கும் வடிகட்டிகள். கோரிக்கையின் உள்ளடக்கம் என்ன, அதன் நோக்கம் என்ன என்று இவர்களுக்குத் தெரியாது. அஞ்சல் ஊழியர் உறையின் மேல் எழுதியதைப் பார்த்துப் பதிவுத் தபாலா சாதாரணத் தபாலா என்று தரம் பிரிப்பதுபோல, இவர்கள் வினைச்சொல்லைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். கெட் என்றிருந்தால் பழைய பிரதியைக் கொடுக்கலாம், முன்கூட்டியே எடுத்து வைக்கலாம், இணைப்பு அறுந்தால் மறுபடி அனுப்பலாம். போஸ்ட் என்றிருந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த உடன்பாட்டை மீறினால் என்ன ஆகும் என்பது 2005 மே மாதத்தில் தெரிந்தது. கூகுள் வெப் ஆக்ஸிலரேட்டர் என்ற மென்பொருளைக் கூகுள் அப்போது வெளியிட்டது. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் உள்ள லிங்குகளை அவர் சொடுக்கும் முன்பே எடுத்து வைத்து வேகத்தைக் கூட்டுவது அதன் வேலை. பல வலைச் செயலிகளில் 'அழி' என்பதும் ஒரு சாதாரண லிங்காகவே, அதாவது கெட் கோரிக்கையாகவே, எழுதப்பட்டிருந்தது. பயனர் தம் கணக்கில் உள்ளே நுழைந்திருக்கும்போது ஆக்ஸிலரேட்டர் அந்த லிங்குகளையும் வரிசையாக எடுத்துப் பார்த்தது. அவர் எதையும் தொடவில்லை; அவருடைய பதிவுகள் காணாமல் போயின. குற்றம் யாருடையது என்று அன்று நிரலாளர் உலகில் பெரிய வாதம் நடந்தது. கெட், ஹெட் இரண்டும் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு செயலுக்கு ஆகக்கூடாது என்று ஆர்எஃப்சி 1945 அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே எழுதிவைத்திருந்தது. கேள்வி என்று எழுதிவிட்டுச் செயலை உள்ளே வைத்தவர்கள் மேல்தான் தவறு என்பதே சரியான தீர்ப்பு. இன்றைய ஆர்எஃப்சி 9110 இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது: முகவரியிலேயே செயலின் பெயர் எழுதப்பட்டிருந்தாலும், தீங்கிலா வினைச்சொல்லோடு கோரிக்கை வந்தால் அச்செயலை நடக்கவிடாமல் தடுப்பது அந்த முகவரியின் உரிமையாளர் கடமை.

மின்னஞ்சல் பட்டியலிலிருந்து விலகும் லிங்கிலும் இதே பாடம் கிடைத்தது. குப்பை அஞ்சலைத் தடுக்கும் மென்பொருள்கள் அஞ்சலில் உள்ள லிங்குகளைத் தாமே திறந்து பார்ப்பது வழக்கம். லிங்கைத் திறந்தாலே விலகல் நடந்துவிடும் என்று வைத்திருந்தால், பெற்றவர் அறியாமலே பட்டியலிலிருந்து நீங்கிவிடுவார். அதனால் 2017 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 8058, ஒரே சொடுக்கில் விலகுவதற்குப் போஸ்ட் வேண்டும் என்று விதித்தது. விலகுவது ஒரு முடிவு. முடிவை எடுக்க வேண்டியவர் பெற்றவர்.

இங்கே கடினமான எதிர்வாதம் ஒன்று எழுகிறது. உலகில் எதையும் மாற்றாத கேள்வி என்று ஒன்று உண்டா? கெட் கோரிக்கை வந்ததும் சர்வர் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறது. வாசகர் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. விளம்பர லிங்கானால் விளம்பரம் கொடுத்தவர் கணக்கில் பணம் கழிகிறது. மின்சாரம் செலவாகிறது. மிகக் கண்டிப்பாகப் பார்த்தால் தூய கேள்வி எங்குமே இல்லை. நெறிமுறையை எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை. 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2616, கெட் கோரிக்கையால் சர்வர் பக்கவிளைவுகளை உண்டாக்காது என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் அந்த விளைவுகளைப் பயனர் கேட்கவில்லை, ஆகவே அவற்றுக்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று தீர்க்கிறது. கணினி ஆவணம் ஒன்றில் இப்படி ஒரு வரி இருப்பது வியப்புக்குரியது. தீங்கின்மை என்பதை அது விளைவால் அளக்கவில்லை, வேண்டுதலால் அளக்கிறது. என்ன நடந்தது என்று பார்ப்பதற்கு முன், என்ன கேட்கப்பட்டது என்று பார்க்கிறது.

இந்த அளவுகோல் இந்தியச் சமயங்களுக்குப் புதிதல்ல. பௌத்தமும் சமணமும் மிகக் கூர்மையாக மோதிக்கொண்ட இடம் இதுவே. மஜ்ஜிம நிகாயத்தின் 56-ஆவது சூத்திரமான உபாலி சூத்திரத்தில், உடல், வாக்கு, மனம் மூன்றின் வினைகளில் உடலின் வினையே பெரிது என்று நிகண்டர் எனப்படும் சமணர் தரப்பு சொல்கிறது. மனத்தின் வினையே பெரிது என்கிறார் புத்தர். எண்ணமே வினை என்பது பௌத்தத்தின் அடித்தளம். சமண ஆகமமான சூத்திரகிருதாங்கம் இதைத் திருப்பித் தாக்குகிறது. சுரைக்காயைக் குழந்தை என்று எண்ணிக் குத்தியவன் கொலைகாரன், குழந்தையைச் சுரைக்காய் என்று எண்ணிக் குத்தியவன் குற்றமற்றவன் என்று ஆகிவிடாதா என்று அது கேட்கிறது. எண்ணத்தை மட்டும் பார்த்தால் இந்த முடிவைத் தவிர்க்க வழியில்லை. விளைவை மட்டும் பார்த்தாலோ, நடக்கும்போது காலடியில் மிதிபடும் சிற்றுயிர்களுக்காக நடப்பவரையே கொலைகாரர் என்று சொல்ல வேண்டிவரும். ஆர்எஃப்சி 2616 பௌத்தர் பக்கம் நிற்கிறது என்று சொல்லலாம். ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை.

சமணத் தமிழ்க் காப்பியமான நீலகேசி, பௌத்தரின் புலால் உணவை மறுக்கும் இடத்தில் இன்னொரு வாதத்தை முன்வைக்கிறது. உண்பவர் கொல்லவில்லை, கொல்லச் சொல்லவும் இல்லை என்பது பௌத்தர் சமாதானம். கேட்பவர் இருப்பதால்தான் கொல்பவர் இருக்கிறார் என்பது நீலகேசியின் விடை. திருக்குறளின் புலான்மறுத்தல் அதிகாரமும் இதே வாதத்தைச் சொல்கிறது. இது வலுவான வாதம். 'நான் கேட்க மட்டுமே செய்தேன்' என்பது எப்போதும் விடுதலை தராது. கேட்பதன் விளைவு நன்றாகத் தெரிந்திருக்கும்போது, கேட்பதே பங்கேற்பது ஆகிவிடுகிறது. வலையில் இதற்கு நேரான உதாரணம் ஊர்வான்கள். ஒரு சிறு நூலகத்தின் சர்வரை நொடிக்கு நூற்றுக்கணக்கான கெட் கோரிக்கைகளால் தாக்கும் ஊர்வான் ஒரு சொல்லையும் தவறாகப் பயன்படுத்தவில்லை. எல்லாம் தீங்கிலா வினைச்சொற்களே. சர்வர் மட்டும் திணறி விழுந்துவிடுகிறது. அதனால்தான் ஆர்எஃப்சி 9110 தீங்கிலாமையை வரையறுக்கும்போது 'நியாயமான பயன்பாடு' என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறது. நியாயமாகப் பயன்படுத்தினால் தீங்கோ பொருளிழப்போ வழக்கத்துக்கு மீறிய சுமையோ வராது என்பதே அதன் கணக்கு. ஊர்வான்கள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று தள உரிமையாளர் அறிவிக்கும் ரோபோட்ஸ் கோப்பு முறையை 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்தார். 2022-இல் அது ஆர்எஃப்சி 9309 ஆனது. வினைச்சொல் நோக்கத்தைச் சொல்கிறது. அளவைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது. அளவு கேட்பவரின் மனசாட்சியில் இருக்க வேண்டியது.

இந்தப் பின்னணியில் தரவுத் தேடலுக்கு எந்தச் சொல் என்ற கேள்விக்கு வரலாம். தேடல் எதையும் மாற்ற வேண்டுவதில்லை. எனவே முதல் உரிமை கெட்டுக்கே. கெட்டின் பெரிய கொடை, கேள்வியே ஒரு முகவரியாகிவிடுவது. 'மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நாளை காலைப் பேருந்துகள்' என்ற தேடல் ஒரு யூஆர்எல்லாக இருந்தால் அதைச் சேமித்து வைக்கலாம், நண்பருக்கு அனுப்பலாம், நடுவில் உள்ள கேஷ் சர்வர் அதே கேள்விக்கு முன்பு கொடுத்த பதிலையே கொடுக்கலாம். 2000-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் ராய் ஃபீல்டிங் எழுதிய முனைவர் ஆய்வேடு வலையின் வளர்ச்சிக்குக் காரணமாகக் கண்ட கட்டமைப்புக் கொள்கைகளில், இப்படிப் பொருள்களுக்கு முகவரி இருப்பதும் எல்லாரும் ஒரே பொதுவான வினைச்சொற்களைப் பயன்படுத்துவதும் முக்கியமானவை.

கெட்டுக்கு எல்லைகளும் உண்டு. முதலாவது நீளம். யூஆர்எல் குறைந்தது 8000 பைட் வரை ஏற்கப்பட வேண்டும் என்பதே நெறிமுறையின் பரிந்துரை. அதற்கு மேல் எந்த உறுதியும் இல்லை, நீண்டுவிட்டால் 414 என்று திரும்பிவரும். ஆங்கிலத் தேடலுக்கு இது தாராளமான இடம். தமிழுக்கு அவ்வளவு தாராளம் இல்லை. 'மழை' என்று எழுதினால் யுனிகோடில் ம, ழ, ஐகாரக் குறி என மூன்று குறியீடுகள். ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். யூஆர்எல்லுக்குள் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிகிறது. கண்ணுக்கு இரண்டெழுத்தாகத் தெரியும் 'மழை' 27 எழுத்தாகப் பயணம் செய்கிறது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு 45. 8000 பைட் இடத்தில் 888 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். ஒரு பத்தியைக் கொடுத்து அதைப் போன்ற பத்திகளைத் தேடச் சொல்லும் தமிழ் மென்பொருள், ஆங்கில மென்பொருளைவிட எவ்வளவோ முன்னதாக இந்தச் சுவரில் முட்டிக்கொள்ளும்.

இரண்டாவது எல்லை அந்தரங்கம். யூஆர்எல் தங்குமிடங்கள் பல: பிரவுசரின் வரலாறு, சர்வரின் பதிவேடு, நடுவில் உள்ள பிராக்ஸியின் பதிவேடு. சில வேளைகளில் அடுத்த தளத்துக்குப் போகும்போது ரெஃபரர் தலைப்பில் அதுவும் கூடப் போகிறது. ஒருவர் தமக்கு வந்த நோயின் பெயரைத் தேடினால், அந்தப் பெயர் அவர் நினைத்துப் பார்க்காத இடங்களில் எழுதப்பட்டுக் கிடக்கும். உணர்வுபூர்வமான தகவல்களை யூஆர்எல்லில் வைக்க வேண்டாம் என்று ஆர்எஃப்சி 9110 எச்சரிப்பது இதனால். கேட்பவருக்குத் தீங்கு செய்யாத வினைச்சொல்லையும் தேர வேண்டும். சர்வருக்குத் தீங்கில்லை என்பது மட்டும் போதாது.

இந்த இரண்டு எல்லைகளையும் தாண்ட நிரலாளர்கள் சில வழிகளைக் கண்டார்கள். கெட் கோரிக்கைக்கே உடல் ஒன்றை, அதாவது முகவரிக்கு வெளியே செல்லும் உள்ளடக்கப் பகுதியை, சேர்த்து அதற்குள் தேடலை வைப்பது ஒரு வழி. எலாஸ்டிக்சர்ச் போன்றவை இதை ஏற்கின்றன. ஆனால் கெட்டின் உடலுக்குப் பொதுவான பொருள் எதுவும் வரையறுக்கப்படவில்லை. நடுவில் உள்ளவர் அதைக் கவனிக்காமல் விடலாம், கோரிக்கையையே நிராகரிக்கலாம். மற்றொரு வழி, தேடலைப் போஸ்டில் அனுப்புவது. உலகம் முழுவதும் நடைமுறை இதுவே. 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த சோப் முறை எல்லாவற்றையும் போஸ்டிலேயே அனுப்பியது. ஃபேஸ்புக் 2015-இல் வெளியிட்ட கிராஃப்கியூஎல்லிலும் பெரும்பாலான தேடல்கள் போஸ்டிலேயே போகின்றன. கேள்வியா மாற்றமா என்ற பாகுபாடு கோரிக்கையின் உடலுக்குள் சரியாகவே எழுதப்பட்டிருக்கும். உறைமேல் மட்டும் அது இல்லை. வேலை நடக்கிறது, இழப்பு வேறிடத்தில். இணைப்பு அறுந்தால் பாதுகாப்பாக மறுபடி அனுப்பலாமா என்று நடுவில் உள்ளவருக்குத் தெரியாது; கேஷ் சர்வர் ஒதுங்கிக்கொள்கிறது; பக்கத்தைப் புதுப்பித்தால் பிரவுசர் மிரட்டுகிறது. ஒன்றும் செய்யாத கேள்வி, ஏதோ செய்துவிடக்கூடியது போல் சந்தேகத்தோடு நடத்தப்படுகிறது. 2005-இல் நடந்தது கேள்வி வேடத்தில் வந்த செயல். இது செயல் வேடத்தில் வரும் கேள்வி. முன்னது பொருளை அழித்தது, பின்னது நம்பிக்கையை வீணாக்குகிறது. இரண்டில் பின்னதே பொறுக்கத்தக்கது.

இல்லாத சொல்லை உண்டாக்கும் முயற்சி பழையது. கோப்புகளை வலை வழியே கையாளும் வெப்டேவ் நீட்சியில் சர்ச் என்ற வினைச்சொல் 2008-இல் ஆர்எஃப்சி 5323 வழியாக வந்தது. பொது வலையில் அது பரவவில்லை. இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் எச்டிடிபி பணிக்குழு 2021 முதல் கையிலெடுத்து உருவாக்கிய குவெரி என்ற வினைச்சொல் இந்த இடத்தை நிரப்ப வந்தது. போஸ்டைப் போல இதற்கு உடல் உண்டு, தேடலின் நீளத்துக்கு யூஆர்எல் தடையாக இராது. கெட்டைப் போல இது தீங்கிலாதது, ஐடெம்போட்டன்டும் கூட. அறுந்தால் தயங்காமல் மறுபடி அனுப்பலாம். கேஷ் செய்யலாம், ஆனால் முகவரியை மட்டும் பார்த்தால் போதாது. உடலில் உள்ள கேள்வியையும் சேர்த்தே அடையாளம் காண வேண்டும். விரும்பினால் சர்வர் அந்தத் தேடலுக்கு ஒரு முகவரியைத் திருப்பிக் கொடுக்கலாம். அடுத்த முறை அந்த முகவரிக்குக் கெட் அனுப்பினால் போதும். கேள்விக்கு முகவரி கொடுக்கும் கெட்டின் பழைய கொடை இப்படித் திரும்பக் கிடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் போஸ்ட் எழுதினாலும் கணினி ஏற்றுக்கொள்கிறதே, இது வெறும் மரபுதானே என்று ஒருவர் கேட்கலாம். மரபுதான். கெட் கோரிக்கை வந்ததும் தரவை அழிக்கும் சர்வரைத் தடுக்க நெறிமுறையில் காவலர் எவரும் இல்லை. கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. நடுவில் நிற்பவர்கள் இருவரையும் அறியார். அவர்கள் அனைவரையும் கட்டுவது, சொன்ன சொல்லுக்குப் பொருள் மாறாது என்ற எதிர்பார்ப்பு ஒன்றே. அது நாணயத்தைப் போன்றது. ஒருவர் கள்ளக்காசு அடித்தால் அவருக்கு அன்றைக்குப் பொருள் கிடைக்கும், சந்தையில் எல்லாரும் ஒவ்வொரு காசையும் தட்டிப் பார்க்க வேண்டிவரும்.

ஆகவே தேர்வின் வரிசை இது. சுருக்கமான, அந்தரங்கமற்ற தேடலுக்குக் கெட். நீண்ட தேடலுக்கும் வெளியே தெரியக்கூடாத தேடலுக்கும், இரு முனைகளும் நடுவில் உள்ளவையும் ஏற்குமானால், குவெரி. ஏற்காவிட்டால் போஸ்ட், அதோடு இக்கோரிக்கை எதையும் மாற்றாது, மறுபடி அனுப்பலாம் என்று ஆவணத்தில் தெளிவாக எழுதிவைப்பது. வேறொரு தளத்தின் பக்கத்திலிருந்து குவெரி அனுப்பும்போது பிரவுசர் முதலில் அனுமதி கேட்டு ஒரு முன்கோரிக்கை அனுப்பும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். எச்டிஎம்எல் படிவங்கள் சர்வருக்குத் தரவை அனுப்பக் கெட், போஸ்ட் இரண்டை மட்டுமே அறியும். மாற்றம் எதையும் ஒருபோதும் கெட்டில் வைக்கக்கூடாது. இயங்கிக்கொண்டிருக்கும் செயலி ஒன்றில் 'அழி' என்ற லிங்க் கெட்டாக இருக்குமானால், அதன் பொறுப்பாளர் இன்றே அதை மாற்றிவிட வேண்டும்.